அறிவியல் வகுப்பில் விஆர், ஏஆர்: சக ஆசிரியர்களின் தயக்கத்திலிருந்து பாடம் திட்டமிடுவது எப்படி

பள்ளிக்கு விஆர் ஹெட்செட்கள் வந்திறங்கியதும் பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர்களை ஒன்றாக உட்காரவைத்து, "இதை வைத்து உங்கள் பாடத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது?" என்று கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் உயிரியல் சொல்லித்தருகிறவள். எங்கள் துறையில் மற்ற ஆசிரியர்களுக்கு இந்தக் கருவிகளைப் பழக்கிவிடும் பொறுப்பும் என்னிடம்தான். ஹெட்செட்டுக்குள் முழுக்க வேறோர் இடத்தைக் காட்டும் விஆர் (மெய்நிகர் உண்மை), கேமராவில் தெரியும் நிஜக் காட்சியின்மேல் உருவங்களைச் சேர்த்துக் காட்டும் ஏஆர் (மிகை மெய்ம்மை) இரண்டையும் வைத்துப் பாடம் நடத்தியதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. வேண்டாம் என்கிற ஆசிரியர் சொல்லும் காரணத்தைக் கவனமாகக் கேட்டால், பாடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். ஆர்வமாக இருக்கும் ஆசிரியரிடம் அது கிடைப்பதில்லை. அவருக்குக் கருவியே போதுமானதாக இருக்கிறது.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் வந்த பதில்களைச் சொல்கிறேன். உங்கள் இடத்திலும் ஏறக்குறைய இவைதான் வரும். இயற்பியல் சார் சொன்னார்: "ஒரு பீரியடில் பாதி மாட்டிவிடவும் கழற்றவும் போய்விடும். மீதியில் என்ன நடத்துவது?" வேதியியல் மேடம்: "திரையில் டைட்ரேஷன் செய்து பழகியவன் லேபில் பிப்பெட்டைப் பிடிக்கத் தெரியாமல் நிற்பான்." புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியருக்கு மட்டும் மகிழ்ச்சி: "எதிலும் ஒட்டாத பிள்ளைகள்கூட எழுந்து வந்து கேள்வி கேட்கிறார்கள்." துறையில் மூத்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பார்த்தார்கள், சரி. படித்தார்களா?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்கு ஆய்வுகளே பதில் சொல்லியிருக்கின்றன. ஜோசலின் பரோங், ரிச்சர்ட் மேயர் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உயிரியல் பாடத்தைக் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் விஆரில் பார்த்தார்கள், இன்னொரு பிரிவினர் சாதாரண ஸ்லைடுகளாகப் படித்தார்கள். விஆர் பிரிவினருக்கு ஆர்வமும் ஈடுபாடும் அதிகம். தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தவர்கள் ஸ்லைடு படித்தவர்கள். குயிடோ மக்ரான்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்டதும் இதே திசையில்தான் போகிறது. 52 பல்கலைக்கழக மாணவர்களிடம், ஒரே ஆய்வக மாதிரியைக் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் காட்டிப் பார்த்தார்கள். ஹெட்செட்டில், அந்த இடத்திலேயே இருக்கிற உணர்வு கூடியது, கற்றல் குறைந்தது. கண்ணுக்கும் மனதுக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு விஷயம் வந்து விழுவதால், பாடத்தை அசைபோட இடமில்லாமல் போகிறது.

இதைப் படித்துவிட்டு ஹெட்செட்டை மூடிவைக்கத் தேவையில்லை. பரோங், மேயர் ஆய்வில் இரண்டாம் சோதனை ஒன்று உண்டு. விஆர் பாடத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் பார்த்ததைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்கள், தொடர்ந்து பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. ஆக, மூத்தவரின் கேள்விக்குப் பதில்: நிறுத்தி எழுதவைத்தால் படிப்பார்கள்.

எந்தப் பாடத்துக்கு எடுப்பது

மேசைமேல் நிஜமாகவே செய்துகாட்ட முடிந்ததை விஆரில் காட்டாதீர்கள். வெங்காயத்தோல் செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியும். காந்தப்புலத்தை இரும்புத்தூளில் பார்க்க முடியும். பிப்பெட்டில் குமிழி வராமல் உறிஞ்சுவது கைப்பழக்கம். அதற்குக் கண்ணாடிக் குழாயும் விரலும்தான் வேண்டும். வேதியியல் மேடம் இந்த விஷயத்தில் முழுக்கச் சரி.

கண்ணுக்கு எட்டாத அளவு சிறியது, ஒரே பார்வையில் அடங்காத அளவு பெரியது, உள்ளே மறைந்திருப்பது, செய்தால் ஆபத்தானது. இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் எடுங்கள். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கவைக்க அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று எல்லோரும் நோட்டில் எழுதுகிறோம். மாற்றி ஊற்றினால் எப்படிக் கொதித்துத் தெறிக்கும் என்பதை நேரில் காட்டவே முடியாது. அதே மேடம் ஒப்புக்கொண்ட ஒரே விஆர் பயிற்சி இதுதான்: லேபுக்குள் போவதற்கு முந்தைய வகுப்பில், தவறான வரிசையில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைக் காட்டுவது. பிப்பெட் மறுநாள் நிஜ லேபில்.

விஆரா, ஏஆரா என்று குழப்பம் வந்தால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஏஆரைத்தான் நான் பரிந்துரைப்பேன். டேப்லெட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் நிற்கலாம், விரலால் தொட்டுக்காட்டிச் சண்டைபோடலாம், அவர்கள் முகம் உங்களுக்குத் தெரியும். ஹெட்செட் போட்ட பிள்ளை குழம்புகிறதா, பயப்படுகிறதா என்பது வெளியே தெரியாது. விஆர் எதற்கு என்றால், உள்ளே நின்று சுற்றிலும் பார்ப்பதே பாடமாக இருக்கும்போது: நிலவில் நின்று பூமியைப் பார்ப்பது, இதய அறைக்குள் நின்று வால்வு திறப்பதைப் பார்ப்பது.

ஏஆர் எங்கே கைகொடுக்கும் என்பதற்கு மீத்தேன் நல்ல உதாரணம். கரும்பலகையில் நடுவில் கார்பன், நான்கு பக்கமும் ஹைட்ரஜன் என்று சிலுவை போடுகிறோம். பிள்ளைகள் மனதில் மூலக்கூறு தட்டையாகவும் கோணம் 90 பாகையாகவும் பதிந்துவிடுகிறது. உண்மையில் 109.5 பாகை. ஏஆர் ஆப்புக்கான குறி அச்சிட்ட தாளை மேசையில் வையுங்கள்; கேமரா அந்தக் குறியைப் பிடித்ததும் திரையில் தாளின்மேல் மூலக்கூறு எழுந்து நிற்கும். டேப்லெட் கேமராவில் பார்த்தபடி தாளைச் சுழற்றச் சொல்லுங்கள். எந்த ஹைட்ரஜன் மேலே வந்தாலும் மற்ற மூன்றும் முக்காலி போலக் கீழே விரிந்து நிற்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அந்தத் தாளுக்குப் பளபளப்பான லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கேமராவுக்குக் குறி பிடிபடாது, மூலக்கூறு நடுங்கி நடுங்கி மறையும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எல்லாக் குழுவுக்கும் போதுமான பந்து-குச்சி மாதிரிப் பெட்டிகள் உங்களிடம் இருந்தால், மீத்தேனுக்கு அதுவே மேல். கையில் பிடித்துத் திருப்புவதற்கு ஈடு இல்லை.

மாதிரியில் இருக்கும் பொய்யை முதலில் நீங்கள் கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். வகுப்புக்கு முன் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து முழு உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும், கையில் பேனாவோடு.

இரத்தக் குழாய்க்குள் பயணம் என்று வரும் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விசாலமான சுரங்கம், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பணுக்கள் நிதானமாக மிதந்துவரும், நடுவில் நாம் போவதற்குத் தாராளமாக வழி இருக்கும். நிஜ இரத்தத்தில் கன அளவில் ஏறக்குறைய 45 சதவீதம் சிவப்பணுக்களே. முண்டியடித்துக்கொண்டு போகின்றன, அதற்குள் ஒன்றுமே தெரியாது. ஒரு சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். தந்துகிகள் எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் பல அதைவிடக் குறுகலானவை, அணுக்கள் உடலை வளைத்து ஒற்றை வரிசையில் நுழைந்து போகின்றன. மென்பொருள் செய்தவர்கள் நமக்குப் பார்வை தெரிய வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் யாரும் சொல்லாவிட்டால், இரத்தம் என்பது சில அணுக்கள் மிதக்கும் தண்ணீர் என்று பிள்ளை நம்பிவிடும். கண்ணால் பார்த்ததாகவே நம்பும் என்பதால், பின்னால் திருத்துவது பாடப்புத்தகப் படத்தைத் திருத்துவதைவிடக் கஷ்டம்.

சூரியக் குடும்பத்திலும் இதே கதை. பூமிக்கும் நிலவுக்கும் நடுவே ஏறக்குறைய 30 பூமிகளை வரிசையாக அடுக்கலாம். அறைக்குள் காட்டும் ஏஆர் மாதிரிகள் பலவற்றில் அவை கைகோத்துக்கொண்டு சுற்றும். பூமியின் பாதையை நீள்வட்டமாக இழுத்துக் காட்டும் மாதிரி இன்னும் ஆபத்தானது. சூரியனுக்கு அருகில் போனால் கோடை, விலகினால் குளிர் என்ற தவறான எண்ணத்தை அது உறுதிப்படுத்திவிடும். நிஜத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளி இருப்பது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். வட அரைக்கோளத்தில் ஜனவரி குளிர்காலம். பருவங்களுக்குக் காரணம் 23.5 பாகைச் சாய்வு.

இந்தக் குறைகளுக்காக மாதிரியை ஒதுக்காமல், குறையையே பாடமாக்குங்கள். என் பயிற்சித்தாளில் எப்போதும் இருக்கும் கேள்வி: "இந்த மாதிரியில் உண்மைக்கு மாறாக இருப்பது எது? ஏன் அப்படிச் செய்திருப்பார்கள்?" இரத்தக் குழாய் வகுப்பில், 45 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பலகையில் எழுதிவைத்துவிட்டு இதைக் கேட்டுப்பாருங்கள். மிக நல்ல பதில்கள் இந்தக் கேள்விக்குத்தான் வருகின்றன.

வகுப்பு நடக்கும் விதம்

முதலில் வரையச் சொல்லுங்கள். இதயம் என்றால், "உங்களுக்குத் தெரிந்த அளவில் நான்கு அறைகளையும் வரையுங்கள், இரத்தம் போகும் வழிக்கு அம்புக்குறி போடுங்கள்" என்று பென்சிலில். தவறாக இருந்தால் திருத்தாதீர்கள்.

அடுத்து, உள்ளே பார்க்கப்போகும் பாகங்களின் பெயர்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் வேலையையும் ஒரே வரியில் சொல்லுங்கள். விஆருக்குள் போன பிறகு புதுப்பெயர்களை அறிமுகப்படுத்தினால் ஒன்றும் தங்காது. முன்கூட்டியே பெயர்களைப் பழக்குவது விஆர் பாடத்தில் கற்றலைக் கூட்டுகிறது என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது. அப்புறம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து உள்ளே அனுப்புங்கள்: "எந்தச் சுவர் தடிமனாக இருக்கிறது என்று பார்த்து வா." கேள்வி இல்லாமல் போகும் பிள்ளை வேடிக்கை பார்த்துவிட்டு வரும்.

உள்ளே ஐந்திலிருந்து ஏழு நிமிடம் போதும், அதிலும் பாதியில் ஒரு நிறுத்தம். ஹெட்செட்டை நெற்றிக்குமேல் தூக்கிவிட்டு, பார்த்ததை இரண்டு வரியில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் அதே படத்தின்மேல் வேறு நிறத்தில் திருத்தி வரையச் சொல்லுங்கள். பென்சில் கோட்டுக்கும் நிறக் கோட்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம்தான் அன்றைக்குப் பிள்ளை கற்றது. எனக்கு அதைவிட நல்ல மதிப்பீட்டுத் தாள் கிடைக்கவில்லை. என் மாணவி ஒருத்தி பென்சிலில் நான்கு அறைகளையும் ஒரே அளவில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். பார்த்துவிட்டு வந்து இடது வெண்ட்ரிக்கிள் (இடது கீழறை) சுவரைப் பச்சை நிறத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி வரைந்தாள். "மிஸ், இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன்? இரண்டு பக்கமும் ஒரே அளவு இரத்தம்தானே போகுது?" நுரையீரல் பக்கத்தில் இருக்கிறது, உடல் முழுக்க அனுப்ப அதிக அழுத்தம் வேண்டும் என்று அந்தக் கேள்வியிலிருந்து வகுப்பே பேசி முடித்தது. நான் விளக்க வேண்டிய பக்கத்தை அவர்களே விளக்கிவிட்டார்கள்.

இதயத்தில் இடது வலது குழப்பம் வரும். ஒரு மாணவனின் சட்டையில் குறித்தாளை ஒட்டி, எதிரே நின்று டேப்லெட்டில் பார்க்கச் சொல்லுங்கள். அவனுடைய இடது, நமக்கு வலது என்பது அங்கேயே தெளிந்துவிடும்.

நேரம், கருவி, வயிற்றுப்புரட்டல்

இயற்பியல் சாரின் நேரக் கணக்குக்கு வருவோம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மாட்டிவிட முயன்றால் அவர் சொன்னதுதான் நடக்கும். வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு குழு ஹெட்செட்டில், ஒரு குழு நிஜ மாதிரியிலோ சோதனையிலோ, ஒரு குழு எழுத்து வேலையில். ஹெட்செட் குழுவில் இருவர் இருவராக: ஒருவர் பார்த்து வாயால் சொல்ல, மற்றவர் கேட்டு வரைய வேண்டும். இதனால் பாதிக் கருவிகளே போதும். காத்திருக்கும் பிள்ளைக்கும் வேலை இருக்கும். பார்ப்பவரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஹெட்செட்டில் தெரிவதைத் திரையில் காட்டும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சார்ஜ், அப்டேட் இரண்டையும் முந்தின நாளே முடித்துவிட வேண்டும். உள்ளடக்கத்தை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், பள்ளி வைஃபையில் எல்லாக் கருவியும் ஒன்றாக இழுத்தால் ஒன்றும் ஓடாது. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஸ்பிரிட் படக் கூடாது. முகத்தில் படும் பகுதியை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும். ஹெட்செட்டை ஜன்னலோரம் லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெயில் லென்ஸ் வழியே குவிந்து உள்ளே திரையைச் சுட்டுவிடும். அந்தக் கறை போகாது.

தலைச்சுற்றல், வயிற்றுப்புரட்டல் சிலருக்கு வரும். கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "அசையவே இல்லை" என்கிறது. அந்த முரண்பாடுதான் காரணம். அதனால் மிதந்து பறக்கிற காட்சிகளைத் தவிர்த்து, ஓரிடத்தில் நின்று சுற்றிப் பார்க்கும் காட்சிகளை எடுங்கள். உட்காரவைத்துப் பார்ப்பது நல்லது. இன்னொரு காரணம் கண்களின் இடைவெளி. பெரியவர்களுக்குச் சராசரி சுமார் 63 மி.மீ.; பிள்ளைகளுக்குக் குறைவு. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மி.மீ. என மூன்று நிலைகள்தான். அதிலும் குறைந்த இடைவெளி உள்ள பிள்ளைக்குப் படம் தெளிவாக இராது. வயது வரம்பையும் பாருங்கள். மெட்டா முதலில் குறைந்தபட்சம் 13 வயது என்று வைத்திருந்தது. 2023-இல் பெற்றோர் கட்டுப்பாட்டிலுள்ள கணக்கோடு 10 வயதிலிருந்து அனுமதித்தது. வலிப்பு வரலாறு உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போட விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தவே கூடாது. அதே உள்ளடக்கம் சாதாரணத் திரையிலும் தயாராக இருக்கட்டும். மேலே சொன்ன ஆய்வுகளின்படி அந்தப் பிள்ளைக்கு நஷ்டமும் ஒன்றுமில்லை.

ஒரே ஆப்பை நம்பிப் பாடத்திட்டம் எழுதாதீர்கள். வகுப்பறையிலிருந்தே விஆரில் சுற்றுலா அழைத்துப்போகும் கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் ஆப்பை வைத்து எத்தனையோ ஆசிரியர்கள் பாடங்கள் தயாரித்து வைத்திருந்தார்கள். 2021 ஜூன் 30-ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. திட்டத்தில் "இந்த ஆப்பைத் திற" என்று எழுதாமல், "நான்கு அறைகளையும் உள்ளிருந்து பார்க்கும் காட்சி" என்று எழுதிவையுங்கள். கருவி மாறினாலும் பாடம் நிற்கும். ஹெட்செட்டே இல்லாத ஆசிரியருக்கும் வழி இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) எனும் கணினி அறிவியல் மாதிரிகள் உலாவியிலேயே இலவசமாக ஓடும். வானியலுக்கு, திரையில் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள். மின்சுற்று, அலை, வாயு விதிகள் போன்றவற்றுக்கு நான் விஆரைவிட ஃபெட்டையே எடுப்பேன். எண்ணை மாற்றி விளைவைப் பார்ப்பதுதான் அங்கே பாடம்.

வகுப்பு முடிந்த பிறகு

மறுபடியும் ஆசிரியர்களிடம் போங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் வரும். பயன்படுகிற கேள்விகள் வேறு: பிள்ளைகள் கேட்டதில் நீங்கள் எதிர்பார்க்காத கேள்வி எது? பாடம் எங்கே நின்றுபோனது? அடுத்த முறை எதை வெட்டுவீர்கள்? இதே பாடத்தைக் கருவி இல்லாமல் நடத்தினால் எது குறையும்? கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் குறையாது" என்று பதில் வந்தால், அந்தப் பாடத்திலிருந்து கருவியை எடுத்துவிடுங்கள்.

புதிய ஆசிரியரின் முதல் வகுப்பில் கூட இருங்கள், பின்வரிசையில். ஹெட்செட் சிக்கல்களை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். பாடத்தை அவரே நடத்தட்டும். வர விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம், உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். எங்கள் இயற்பியல் சார் அப்படி வந்து உட்கார்ந்தவர்தான். பிள்ளைகள் மாதிரியின் குறைகளைப் பட்டியல் போடுவதைப் பார்த்துவிட்டு, நிலவின் பிறைகளுக்கு ஏஆர் எடுத்தார். அதற்கும் முன்னால் ஒரு பல்பையும் பந்தையும் வைத்து இருட்டறையில் செய்துகாட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த வரிசையைத்தான் இப்போது நாங்கள் எல்லோரும் பின்பற்றுகிறோம்: முதலில் பல்பும் பந்தும், அப்புறம் டேப்லெட். அவர் எழுதிக் கொடுத்த தாளின் நகலை டேப்லெட் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம், அடுத்து எடுக்கிறவர் படிப்பதற்காக.